இறங்கிய பிறகு என்ன?

கிராமத்தில் ஒரு வீட்டுக்கு விருந்தாளி போனால், முதலில் கேட்கும் கேள்வி "சாப்பிட்டாச்சா?" என்பது. சென்னைப் பட்டணத்தில் அந்தக் கேள்வி இரண்டாவது இடத்துக்குப் போய் வெகு காலம் ஆகிவிட்டது. இங்கே கதவைத் திறந்ததும் கேட்பது, "எப்படி வந்தீங்க?" என்பதுதான். பஸ்ஸா, எலெக்ட்ரிக் ட்ரெயினா, மெட்ரோவா, ஆட்டோவா? விருந்தாளியும் சளைத்தவர் அல்ல. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, காப்பி வருவதற்குள், தாம் வந்த வழியை ஒரு யாத்திரைப் புராணமாகவே சொல்லி முடித்துவிடுவார்.

அந்தப் புராணத்தைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டுப் பாருங்கள், நேயர்களே! ஒரு வேடிக்கை புலப்படும். வண்டியைப் பற்றி அவர் அதிகமாகக் குறை சொல்ல மாட்டார். "ட்ரெயின் என்னமோ இருபது நிமிஷத்திலே கொண்டு வந்து விட்டுட்டான்" என்பார். "அதுக்கப்புறம் ஸ்டேஷன்லேருந்து உங்க வீட்டுக்கு வர்றதுக்குள்ளேதான்..." என்று ஆரம்பித்து, அந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விடுவார். படிக்கட்டு, பள்ளம், நடைபாதையின் நடுவில் வீற்றிருந்த மின்சாரப் பெட்டி, எதிர்த் திசையில் வந்த மோட்டார் சைக்கிள், ஆட்டோக்காரர் கேட்ட தொகை... காலட்சேபம் முழுவதும் இறங்கிய பிறகு நடந்தவற்றைப் பற்றியே இருக்கும்.

பட்டணவாசத்தைப் பற்றி ஆளுக்கு ஓர் அபிப்பிராயம் வைத்திருக்கிறோம். என்னுடைய அபிப்பிராயம் இதுதான்: ஒரு நகரத்தின் போக்குவரத்து நன்றாயிருக்கிறதா இல்லையா என்பதை வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு தீர்மானிக்கக் கூடாது, இறங்கி நின்று தீர்மானிக்க வேண்டும். ரயிலும் பஸ்ஸும் நம்மை ஓர் இடத்தில் கொண்டு போய் விடுகின்றன. அந்த இடத்திலிருந்து நாம் போக வேண்டிய வாசல் வரையில் உள்ள தூரத்தை யார் பார்த்துக்கொள்வது? சென்னையின் நூற்றிருபத்தைந்து வருஷத்துக்கும் மேற்பட்ட சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டினால், இந்தக் கேள்விக்கு நாம் சில சமயம் அழகாகப் பதில் சொல்லியிருப்பதும், பல சமயம் பதில் சொல்லவே மறந்திருப்பதும் தெரியவரும்.

வாசலிலே நின்ற வண்டி

1895-ம் வருஷம் சென்னையில் மின்சார டிராம் ஓட ஆரம்பித்தது. கல்கத்தாவில் மின்சார டிராம் வந்ததே 1902-ல்தான் என்றால், நம் பட்டணம் எவ்வளவு முந்திக்கொண்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள்! முதலில் மின்சாரத்தைத் தரைக்கு அடியில் ஓட விட்டார்கள். சென்னை மழைக்கும் அந்த ஏற்பாட்டுக்கும் ஒத்து வரவில்லை. பிறகு கம்பியைத் தலைக்கு மேலே கட்டினார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிய டிராம், கம்பெனிக்கு நஷ்டம் வந்து, 1953-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் நின்று போயிற்று.

டிராமுக்காகக் கண்ணீர் விட நான் வரவில்லை. அது மெதுவாகப் போகும். தெருவின் நடுவில் தண்டவாளத்தை விட்டு விலகத் தெரியாது. பின்னால் வரும் பஸ்காரரின் பொறுமையைச் சோதிக்கும். ஆனால் அதற்கு ஒரு குணம் இருந்தது. அதற்கு ஸ்டேஷன் என்று தனியாக ஒன்று கிடையாது. தெருவேதான் ஸ்டேஷன். மாடி ஏறிப் போய் அதைப் பிடிக்க வேண்டியதில்லை. சுரங்கத்தில் இறங்கியும் தேட வேண்டியதில்லை. கடைத்தெருவில் இறங்கினால் கடை வாசலிலேயே நிற்பீர்கள். பிரயாணம் முடிந்த இடமும் காரியம் ஆரம்பிக்கும் இடமும் ஒன்றாக இருந்தன.

அந்த ஒரு குணத்தை வைத்துக்கொண்டு மற்றக் குறைகளை நீக்கியிருக்கலாம். நாம் வண்டியோடு சேர்த்துக் குணத்தையும் ஓரம் கட்டிவிட்டோம்.

மாம்பலம் மகாத்மியம்

டிராம் போகும் முன்னரே வேறொரு வண்டி வந்து வேரூன்றிவிட்டது. 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. சென்னையின் தெற்குப் பகுதி இன்றைக்கு இருக்கிற மாதிரி இருப்பதற்கு அந்த ரயில்தான் பெருங்காரணம். ஆபீஸ் பாரிமுனையில், வீடு சைதாப்பேட்டையிலோ குரோம்பேட்டையிலோ. நடுவில் ஒரு சீசன் டிக்கெட். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு எத்தனை குடும்பங்கள் பெண்ணுக்குக் கல்யாணம் செய்தன, பிள்ளையைப் படிக்க வைத்தன என்று கணக்கெடுத்தால் அது ஒரு பெரிய புத்தகமாகும்.

மாம்பலத்தை எடுத்துக்கொள்வோம். 1920-களில் அங்கிருந்த நெடிய ஏரியின் நிலத்தில் உண்டாக்கப்பட்ட ஊர் தியாகராய நகர். சர் பி. தியாகராயச் செட்டியாரின் பெயரை வைத்து, நடுவில் பனகல் பூங்காவை அமைத்து, அதைச் சுற்றிலும் சாலைகளை ஒழுங்காக வகுத்தார்கள். ஆனால் திட்டம் போட்டவர்கள் பெரிதாக நினைக்காத ஒரு சிறு தெரு, ரயில் நிலைய வாசலிலிருந்து உஸ்மான் சாலை வரையில் நீண்டு கிடந்தது. அதுதான் ரங்கநாதன் தெரு!

அந்தத் தெருவைப் பற்றி யாரும் நல்ல வார்த்தை சொல்வதில்லை. கூட்டம், நெரிசல், "பர்ஸ் ஜாக்கிரதை!" எல்லாம் நியாயமே. இருந்தாலும் ஒரு நிமிஷம் யோசியுங்கள். அத்தனை ஜனங்கள் அங்கே ஏன் வருகிறார்கள்? ரயிலை விட்டு இறங்கி வெளியே வந்ததும் பட்டணம் கையை நீட்டி வரவேற்பதால்தான். மல்லிகைப் பூ வேண்டுமா, எவர்சில்வர் டம்ளர் வேண்டுமா, தீபாவளிப் புடவை வேண்டுமா, எல்லாம் காலடியிலேயே இருக்கின்றன. நிலையத்தின் வாய் தெருவிலே திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது அத்தாட்சி. தெரு போதாமல் போனது தெருவின் குற்றமல்ல. அப்படிப்பட்ட தெருக்களை இன்னும் பத்து நிலையங்களின் வாசலில் உண்டாக்காதது நம் குற்றம்.

இன்னொரு கணக்கு சொல்கிறேன். மாம்பலத்துக்கு மின்சார ரயில் வந்தது 1931-ல். அந்த ரயில் நிலையத்தையும் தியாகராய நகர் பஸ் நிலையத்தையும் சேர்க்கும் ஆகாய நடைபாலம் திறக்கப்பட்டது 2023 மே மாதத்தில். அதன் நீளம் சுமார் 570 மீட்டர். அரை கிலோமீட்டரைச் சற்றே தாண்டிய இந்தத் தூரத்தைக் கடக்க நமக்குத் தொண்ணூற்றிரண்டு வருஷங்கள் பிடித்தன! பாலம் நல்ல பாலம். நகரும் படிக்கட்டு உண்டு, லிப்டு உண்டு. கையில் குழந்தையும் தோளில் பையுமாக ஒரு பெண்மணி அதன் மேல் சாவகாசமாக நடந்து போவதைப் பார்க்கும்போது, "இதை முன்னமே கட்டியிருந்தால் என்னவாம்?" என்று கேட்கத் தோன்றுகிறது. அவ்வளவுதான்.

திண்ணை போய் மதில் வந்தது

கட்டடங்களைப் பற்றிப் பேச வந்தால் நாம் எல்லோரும் அண்ணாந்து பார்க்க ஆரம்பித்துவிடுகிறோம். 1959-ல் மவுண்ட் ரோடில் எல்.ஐ.சி. கட்டடம் எழும்பியபோது, ஊரிலிருந்து வந்தவர்கள் எதிர்ப்புறம் நின்று விரலை விட்டு மாடிகளை எண்ணினார்கள். பதினாலு மாடி! பட்டணத்துக்குப் போய் வந்ததற்கு அதுவே சாட்சி. மவுண்ட் ரோடு அண்ணா சாலையாகிவிட்டது. அதைவிட உயர்ந்த கட்டடங்கள் எத்தனையோ வந்துவிட்டன. இப்போது யாரும் மாடியை எண்ணுவதில்லை, கழுத்து வலிக்கும்.

உயரத்தின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. இடம் குறைந்து ஜனம் பெருகும் ஊரில் மாடி மேல் மாடி கட்டத்தான் வேண்டும். ஆனால் நடந்து போகிறவனுக்குப் பதினாலாவது மாடியைப் பற்றி என்ன கவலை? அவனுக்குத் தெரிவதெல்லாம் தரையிலிருந்து பத்தடி உயரம். அந்தப் பத்தடியில் நிழல் இருக்கிறதா, மதில் இருக்கிறதா என்பதுதான் அவனுடைய கட்டடக் கலை.

மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் பழைய வீதிகளில் மிச்சமிருக்கும் வீடுகளைப் பாருங்கள். தெருவை ஒட்டித் திண்ணை. திண்ணைக்கு மேலே தாழ்ந்து இறங்கிய ஓட்டுக் கூரை. வீட்டுக்காரர் யாரென்று தெரியாத வழிப்போக்கன்கூட அங்கே ஒரு நிமிஷம் உட்காரலாம், மழைக்கு ஒதுங்கலாம், பால்காரர் கணக்குப் பார்க்கலாம், பாட்டி மூச்சு வாங்கலாம். நூறு வீடு இருந்தால் தெருவில் நூறு பெஞ்சு இருந்த மாதிரி. முனிசிபாலிடிக்குக் காலணா செலவு இல்லை!

பிறகு என்ன நடந்தது? வீட்டுக்கு முன்னால் இடம் விட வேண்டும் என்று கட்டட விதிகள் வந்தன. காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் நல்ல விதிதான். ஆனால் விட்ட இடத்தைச் சுற்றி நாம் ஆளுயர மதில் எழுப்பினோம். மதிலுக்கு இரும்புக் கதவு போட்டோம். அடுக்கு மாடிகள் வந்தபோது இன்னும் ஒரு படி முன்னேறினோம். தரைத் தளம் முழுவதையும் மோட்டார் வண்டிகளுக்குக் கொடுத்துவிட்டு, மனிதர்கள் மேலே ஏறிக்கொண்டோம். அந்த வண்டி ரோட்டுக்கு இறங்குவதற்காக நடைபாதையின் குறுக்கே ஒரு சரிவு கட்டினோம். வீட்டுக்கு வீடு ஒரு சரிவு. அதனால் நடைபாதை என்பது கடல் அலை போல ஏறி இறங்கிக்கொண்டே போகிறது. முழங்கால் வலி உள்ளவர்கள் என்ன செய்வார்கள்? ரோட்டில் இறங்கி நடக்கிறார்கள். "நடைபாதை இருக்கும்போது இந்த ஜனங்கள் ஏன் ரோட்டில் நடக்கிறார்கள்?" என்று காரில் போகிறவர் சலித்துக்கொள்கிறார்!

பழைய நாளில் எல்லாம் நன்றாயிருந்தது என்று சொல்லவில்லை. 1908-ல் திறந்த எழும்பூர் ரயில் நிலையத்தைப் பாருங்கள். ஹென்றி இர்வின் வரைந்த அழகான கட்டடம். கும்பமும் வளைவுமாகக் கண்ணைப் பறிக்கும். அங்கே ஒரு காலத்தில் மோட்டார் காரைப் பிளாட்பாரத்தின் ஓரம் வரைக்குமே ஓட்டிக்கொண்டு போகலாம். ரயிலை விட்டு இறங்கினால் நாலு எட்டில் கார்! இறங்கிய பிறகு என்ன என்பதை அவர்களும் யோசித்திருக்கிறார்கள். கார் வைத்திருந்தவர்களுக்காக யோசித்தார்கள், அவ்வளவுதான். மூட்டை முடிச்சோடு வந்த மற்றவர்களுக்காகவும் அதே அக்கறையோடு யோசித்தால் எப்படி இருக்கும் என்பதே என் கேள்வி.

மண்டபம் இருக்கிறது, கல்யாணம் எங்கே?

இனி பறக்கும் ரயிலுக்கு வருவோம். இந்தப் பெயரை வைத்தவர் கவியுள்ளம் படைத்தவராக இருக்க வேண்டும். 1995-ல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரையில் ஓடத் தொடங்கி, 1997-ல் மயிலாப்பூரையும், 2004-ல் திருவான்மியூரையும், 2007-ல் வேளச்சேரியையும் எட்டியது. பல இடங்களில் பக்கிங்காம் கால்வாயிலேயே தூண்களை நட்டு அதன் மேல் தண்டவாளம் போட்டார்கள். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தால் நல்ல காற்று; மொட்டை மாடிகளில் வடகம் காய்வது வரையில் தெரியும். கட்டணமோ மிகக் குறைவு. பிரயாணத்துக்கு என்ன குறை?

ஒரு குறையும் இல்லை. நிலையங்களைத்தான் ஒரு மாதிரியாகக் கட்டிவிட்டார்கள். ஒவ்வொன்றும் ஒரு கல்யாண மண்டபம் போல் விசாலம். கடைகளும் அலுவலகங்களும் வந்து நிரம்பும் என்று எதிர்பார்த்துப் பெரிய பெரிய கூடங்களை அமைத்தார்கள். பல கூடங்கள் வெகு காலம் வெறுமையாகவே கிடந்தன. காலையிலும் மாலையிலும் தரமணிக்கும் திருவான்மியூருக்கும் வேலைக்குப் போகிறவர்களால் ஜேஜே என்று இருக்கும். மற்ற நேரங்களில் பந்தி முடிந்து, பந்தலையும் பிரித்துக்கொண்டு போன மண்டபம் மாதிரிதான்.

அதனால் என்ன மோசம் என்கிறீர்களா? திருவல்லிக்கேணியில் எத்தனையோ வீடுகளில் நடக்கக்கூடிய ஒரு சம்பாஷணையைக் கேளுங்கள்:

"என்னங்க, வேளச்சேரியிலே எங்க அண்ணன் பேத்திக்குப் பேர் வைக்கிறாங்க. ரயில்லேயே போயிட்டு வந்துடுவோமா?"

"போறதுக்கு ரயில் சரி. திரும்பி வரப்போ ராத்திரி ஒன்பது மணி ஆயிடுமே?"

"ஆனா என்ன? ஒன்பது மணிக்கு ரயில் இல்லையா?"

"ரயில் இருக்கு. ஸ்டேஷன்லே ஆள் இருக்காதே!"

இந்தச் சம்பாஷணை ஆட்டோ பிடிப்பதில் முடியும். அல்லது, "சரி, ஒரு போன் பண்ணி வாழ்த்துச் சொல்லிடு" என்பதில் முடியும். ரயில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதில் இந்த இருவரும் இருக்க மாட்டார்கள்.

பெரிய கட்டடம் பாதுகாப்பாக இருக்கும் என்று நினைக்கிறோம். பாதுகாப்பைத் தருவது கட்டடம் அல்ல, பக்கத்தில் இருக்கும் மனிதர்கள்தான். ஒரு பூக்காரம்மாள், ஒரு டீக்கடை, ஒரு பத்திரிகைக் கடை, ஒரு நல்ல விளக்கு: இவை நாலும் இருக்கும் சின்ன நிலையத்தில் இரவு பத்து மணிக்கும் பயம் தோன்றாது. இவை இல்லாத மாளிகையில் சாயங்காலம் ஆறு மணிக்கே நெஞ்சு படபடக்கும்.

இடம் திருத்தும் மனிதர்கள்

மெட்ரோ ரயில் சமாசாரம் வேறு. 2015 ஜூனில் கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூர் வரையில் முதல் வண்டி ஓடிற்று. 2019 பிப்ரவரியில் முதல் கட்டம் பூர்த்தியாயிற்று. 2021-ல் வடக்கே விம்கோ நகர் வரையில் நீண்டது.

அதில் பிரயாணம் செய்யும்போது ஓர் அதிசயத்தை நீங்களும் கவனித்திருப்பீர்கள். பஸ்ஸில் முழங்கையால் வழி உண்டாக்கிக்கொண்டு போகும் அதே மனிதர், மெட்ரோவில் வரிசையில் நிற்கிறார். தெருவில் கண்ட இடத்தில் துப்புகிறவர், அங்கே தொண்டையைக் கனைக்கக்கூடக் கூச்சப்படுகிறார். ஆள் மாறவில்லை, இடம் மாறியிருக்கிறது. சுத்தமான தரையும் தெளிவான அறிவிப்பும் நிற்க வேண்டிய இடத்தைக் காட்டும் கோடும் இருந்தால் நம் ஜனங்கள் எவருக்கும் இளைத்தவர்கள் அல்ல. "நம்மாட்களைத் திருத்தவே முடியாது" என்று சொல்கிறவர்களுக்கு மெட்ரோ நிலையமே பதில்.

ஆனால் அந்தப் பதில் வெளி வாசலோடு முடிந்துவிடுகிறது. குளுகுளுவென்ற சுரங்கத்திலிருந்து நகரும் படிக்கட்டு நம்மை மேலே கொண்டு வந்து விடுகிறது. சொர்க்கத்திலிருந்து பூலோகத்துக்கு வந்த நகுஷ மகாராஜா மாதிரி நிற்கிறோம். அங்கே நடைபாதை உண்டா, பஸ் எங்கே நிற்கும், ரோட்டை எப்படித் தாண்டுவது? கீழே இருந்தபோது அம்புக்குறி போட்டுக் காட்டிய உலகம், மேலே வந்ததும் வாயை மூடிக்கொள்கிறது.

எல்லா இடத்திலும் அப்படி என்று சொன்னால் பாவம். கோயம்பேட்டில் 2002-ல் திறந்த பஸ் நிலையத்தின் வாசலிலேயே மெட்ரோ நிலையம் இருக்கிறது. சென்ட்ரலில் மெட்ரோவிலிருந்து பெரிய ரயில் நிலையத்துக்கும், பூங்கா நிலையத்துக்கும், அரசு பொது ஆஸ்பத்திரிப் பக்கத்துக்கும் ரோட்டில் கால் வைக்காமலே போகலாம். நோயாளியைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு பூந்தமல்லி நெடுஞ்சாலையைத் தாண்டியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆக, செய்ய முடியாத காரியம் அல்ல. மனம் வைத்த இடத்தில் நடந்திருக்கிறது.

இதை இப்போது சொல்லக் காரணம் இருக்கிறது. மெட்ரோவின் இரண்டாம் கட்டம் மூன்று வழித்தடங்களாக, சுமார் 119 கிலோமீட்டர் நீளத்துக்குத் திட்டமிடப்பட்டது. நூற்றுக்கு மேற்பட்ட நிலையங்கள்! அதற்காகப் பட்டணத்தை மேலும் கீழுமாகத் தோண்டுகிறார்கள். சுற்றிச் சுற்றிப் போய், புழுதி குடித்து, அதற்குரிய விலையில் ஒரு பகுதியை நாம் தினமும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். அந்த நூற்றுச் சொச்சம் நிலையங்களின் வாய்கள் தெருவில் எங்கே, எப்படித் திறக்கப் போகின்றன என்பதுதான் அடுத்த ஐம்பது வருஷத்துக்கு நம் நடையைத் தீர்மானிக்கும்.

குனிகிற பஸ்

என்னதான் ரயில் ஓடினாலும் பட்டணத்தின் ராஜா பஸ்தான். பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகருக்குப் போகும் 29-சியில் ஏறி ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தால், சென்னையின் வடக்கும் தெற்கும் சினிமா மாதிரி ஓடும். 2021 மே மாதத்தில் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பிரயாணம் வந்தது. அதுவரையில், "ரெண்டு ஸ்டாப்தானே, நடந்தே போயிடறேன்" என்று கூடையைத் தலையில் சுமந்தவர்கள் பஸ் ஏறினார்கள்.

2024-ல் தாழ்தள பஸ்கள் ஓடத் தொடங்கின. படிகள் இல்லை. நிறுத்தத்தில் பஸ் ஒரு பக்கமாகக் கொஞ்சம் குனிந்து கொடுக்கும். சக்கர நாற்காலியும் ஏறலாம். யானை காலை மடித்து ஏற்றிக்கொள்கிற மாதிரி ஒரு பஸ் செய்வதைப் பார்த்தால் மனசுக்கு எவ்வளவு சந்தோஷமாயிருக்கிறது!

ஆனால், அந்த பஸ் நடைபாதையை ஒட்டி வந்து நின்றால்தானே அது குனிவதில் பிரயோசனம்? நிறுத்தத்தில் கார்களும் ஆட்டோக்களும் நிற்கின்றன. பஸ் நடு ரோட்டில் நிற்கிறது. பயணி முதலில் நடைபாதையிலிருந்து ரோட்டில் இறங்கி, இரண்டு மோட்டார் சைக்கிள்களுக்கு வழிவிட்டு, ஓடிப் போய்க் குனிந்த பஸ்ஸில் ஏற வேண்டியிருக்கிறது. பஸ் குனிந்தது, பட்டணம் குனியவில்லை.

இதே கதையைப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் கிளாம்பாக்கத்துக்குப் போக வேண்டும். 2023 டிசம்பர் 30-ந் தேதி அங்கே பிரம்மாண்டமான பஸ் நிலையம் திறக்கப்பட்டது. தென் மாவட்டங்களிலிருந்து வரும் பஸ்கள் அங்கே நின்றுவிட ஏற்பாடு. ரோட்டுக்கு அந்தப் பக்கத்தில் செங்கல்பட்டு ரயில் பாதை ஓடுகிறது. ஆனால் பஸ் நிலையம் திறந்த அன்று அங்கே ரயில் நிலையம் இல்லை! விடியற்காலை நாலு மணிக்கு மதுரையிலிருந்து வந்து இறங்கியவர்கள், பெட்டி ஒரு கையிலும் தூங்கும் குழந்தை ஒரு கையிலுமாக, கண்ணெதிரே போகும் ரயிலைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. பந்தியில் உட்கார வைத்துவிட்டு இலை வாங்க ஆள் அனுப்பிய கதைதான்.

யாரும் எழுதாத கணக்கு

ஓர் உதாரணக் கணக்குப் போடுவோம். வீட்டிலிருந்து நிலையத்துக்குப் பத்து நிமிஷ நடை. படி ஏறி வண்டிக்குக் காத்திருக்க ஐந்து நிமிஷம். ரயிலில் இருபது நிமிஷம். இறங்கிய பிறகு பதினைந்து நிமிஷ நடை. மொத்தம் ஐம்பது நிமிஷத்தில் வண்டிக்குள் இருந்தது இருபது. வெளியே இருந்தது முப்பது! வண்டியை இரண்டு நிமிஷம் விரைவாக ஓட்டக் கோடி கோடியாகச் செலவு செய்யத் தயங்க மாட்டோம். அந்த முப்பது நிமிஷத்துக்கு ஒரு வேப்பங்கன்று நட யோசிக்கிறோம்.

இது வெறும் அலுப்பைப் பற்றிய விஷயமாக இருந்தால் இவ்வளவு எழுத மாட்டேன். இன்றைக்கு எத்தனை டிக்கெட் விற்றது என்று ரயில்வேக்குத் தெரியும், மெட்ரோவுக்குத் தெரியும், பஸ்ஸுக்கும் தெரியும். மக்கள் போகாமலே விட்ட பிரயாணங்கள் எத்தனை என்று யாருக்குத் தெரியும்? வெள்ளிக்கிழமை தோறும் கபாலீசுவரர் கோயிலுக்குப் போன பாட்டி, நடைபாதையில் ஒரு முறை தடுக்கி விழுந்த பிறகு போவதை நிறுத்திக்கொள்கிறாள். மாலை வகுப்பில் சேர ஆசைப்பட்ட பெண்ணிடம், "ஸ்டேஷன்லேருந்து வர்ற ரோடு இருட்டா இருக்கும்மா, வேண்டாம்" என்று அப்பா சொல்லிவிடுகிறார். கண் தெரியாத இளைஞர் நல்ல வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு அருகில் கிடைத்ததை ஏற்றுக்கொள்கிறார். பஸ்ஸிலேயே போய் வந்துகொண்டிருந்த குமாஸ்தா, அலுத்துப் போய்க் கடன் வாங்கி மோட்டார் சைக்கிள் வாங்குகிறார். நடைபாதையில் நிறுத்துவதற்கு இன்னும் ஒரு வண்டி வந்து சேர்ந்தது!

இவர்களில் ஒருவரும் புகார் எழுத மாட்டார்கள். போகாமல் இருந்துவிடுவார்கள். பட்டணம் ஒவ்வொரு வருஷமும் பெரிதாகிக்கொண்டே போகிறது. இவர்களுக்கு மட்டும் அது வீட்டைச் சுற்றி நாலு தெருவாகச் சுருங்கிக்கொண்டு வருகிறது.

பரிகாரம் தெரியாமல் இல்லை. நடப்பவர்களுக்கு முதலிடம் தர வேண்டும் என்று சென்னை மாநகராட்சி 2014-லேயே ஒரு கொள்கை வகுத்தது. 2019-ல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை போட்டார்கள், பெஞ்சும் போட்டார்கள். சாயங்கால வேளையில் போய்ப் பாருங்கள். ஒன்றும் வாங்காமலே உட்கார்ந்திருக்கும் வயோதிகத் தம்பதிகளைப் பார்ப்பீர்கள். திண்ணை திரும்பி வந்துவிட்டது! 2025 செப்டம்பரில் பஸ், மின்சார ரயில், மெட்ரோ மூன்றுக்கும் சேர்த்துக் கைபேசியில் ஒரே டிக்கெட் எடுக்கும் வசதி வந்தது. சபாஷ்! டிக்கெட்டை ஒன்றாக்கியாயிற்று, இனி, பாதையை ஒன்றாக்க வேண்டும்.

நேயர்களுக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டு முடிக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை, வெயில் தாழ்ந்ததும், உங்கள் வீட்டிலிருந்து அருகிலுள்ள நிலையம் அல்லது பஸ் நிறுத்தம் வரையில் நடந்து போங்கள். தனியாகப் போகாதீர்கள். வீட்டில் எழுபது வயதான அம்மாவோ அப்பாவோ இருந்தால் அவர்களுடைய கையைப் பிடித்துக்கொண்டு, அவர்களுடைய நடையிலேயே நடங்கள். நாலு விஷயங்களை எண்ணுங்கள்: வழியில் நிழல் தரும் மரங்கள் எத்தனை? உட்காரக்கூடிய இடங்கள் எத்தனை? நடைபாதையை விட்டு ரோட்டில் இறங்க நேர்ந்தது எத்தனை தடவை? திரும்பி வரும்போது எரியாத விளக்குகள் எத்தனை?

அந்த நாலு எண்களையும் ஒரு கார்டில் எழுதி, தெருவின் பெயரையும் குறித்து, உங்கள் வார்டு கவுன்சிலருக்கு அனுப்புங்கள். சென்னை மாநகராட்சியில் 200 வார்டுகள் இருக்கின்றன. வார்டுக்குப் பத்துக் கார்டு போனால்கூட இரண்டாயிரம் தெருக்களின் கணக்கு அவர்கள் மேஜையில் இருக்கும். அப்படியே நமது ஆபீசுக்கும் ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். எந்தத் தெருவில் அதிக மரம் இருக்கிறது என்று நாங்களும் தெரிந்துகொள்கிறோம். அந்த வழியாக ஒரு நாள் நடந்தே வருகிறோம்.